தறியை நிறுத்திவிட்டு வந்தவர்

மன்மாட் சந்திப்பில் இறங்கும் தமிழர்களில் பெரும்பாலானோர் ஷீரடிக்குப் போகிறவர்கள். பெங்களூரிலிருந்து டெல்லி போகும் கர்நாடகா எக்ஸ்பிரஸ் அகமத்நகரைத் தாண்டியதும் கரிசல் நிலமும் கரும்புக் காடும் மாறி மாறி வருகின்றன. மன்மாட்டுக்குச் சற்று முன்னால் அங்காய், டங்காய் என்ற இரட்டைக் கோட்டை மலைகள். அவற்றுக்குப் பக்கத்தில், மலையேறுகிறவர்கள் ‘தம்ஸ் அப்’ என்று பெயர் வைத்திருக்கும் ஒரு பாறைத் தூண். அதைப் பார்த்ததும் பெட்டியில் இருந்த பக்தர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். நிலைய வாசலில் ‘ஷீரடி, ஷீரடி’ என்று கூவிய வண்டிக்காரர்கள் என்னையும் பிடித்து இழுத்தார்கள். நான் மாலேகான் போக வேண்டும் என்றதும் ஒருவர் நிறுத்தி நிதானமாகக் கேட்டார்: “அங்கே யார் இருக்கா?”

நான் யாரைப் பார்க்கப் போகிறேனோ அவர் உயிரோடு இல்லை. ஷஃபீக் ஷேக் என்ற விசைத்தறித் தொழிலாளி அவர். ‘மாலேகான் கா சூப்பர்மேன்’ என்ற படத்தில் சூப்பர்மேனாக நடித்தவர். அவர் தறி ஓட்டிய ஊரை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. வண்டிக்காரரிடம் இதையெல்லாம் விளக்கும் அளவுக்கு என் இந்தி போதாது. சிவப்பு எஸ்.டி. பஸ் ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மன்மாட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்.

மாலேகான் நாசிக் மாவட்டத்தில், மும்பை–ஆக்ரா நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். மோசம் என்கிற சிற்றாறு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கரையில் பெரும்பாலும் உருது பேசும் முஸ்லிம் நெசவாளர்கள், மறு கரையில் பெரும்பாலும் மராத்தி பேசும் இந்துக்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு வட இந்தியாவிலிருந்து பிழைப்பும் பாதுகாப்பும் தேடி வந்த நெசவாளர் குடும்பங்களின் வாரிசுகள்தான் இங்கே தறி ஓட்டுகிறவர்களில் பலர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 4.8 லட்சம். விசைத்தறிகள் லட்சத்துக்கு மேல். தமிழ்ச் செய்தித்தாள் படிக்கிறவருக்கு இந்த ஊரின் பெயர் 2006, 2008 குண்டுவெடிப்புகளால்தான் தெரியும். அந்தச் செய்திகளில் செத்தவர்களின் எண்ணிக்கை இருந்தது. அந்த மக்கள் எதைப் பார்த்துச் சிரிப்பார்கள், எதற்காக ராத்திரி கண் விழிப்பார்கள் என்பது இல்லை.

நான் சோமனூர்க்காரன். கருமத்தம்பட்டி, பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் பிறந்தவனுக்குத் தறிச் சத்தம் தாலாட்டு என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். அந்தச் சத்தத்தில் காது மந்தமான பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் மாலேகான் பஸ் நிலையத்திலிருந்து உள்ளே நடந்தபோது, சந்து திரும்பியதும் அந்தச் சத்தம் கேட்டதில் மனசு லேசானது என்பதை மறைக்க முடியாது. மொழி தெரியாத ஊரில் எனக்குப் புரிந்த முதல் பேச்சு அதுதான்.

ஒரு கொட்டகை வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று சைகையில் கேட்டேன். முதலாளி தலையசைத்தார். தகரக் கூரைக்கடியில் நெருக்கமாகத் தறிகள். அவற்றுக்கு நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். இருபத்தைந்து வயது இருக்கும், பனியனும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக ஒரு இளைஞர் பல தறிகளை ஒருசேரப் பார்த்துக்கொண்டிருந்தார். தார் தீர்ந்து ஒரு தறி நிற்கும். அவர் போய் நாடாவை எடுத்து, காலித் தாரைக் கழற்றி, புதியதைச் செருகி, நூலின் நுனியைக் கோத்து, தறியை ஓடவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்தது நின்றிருக்கும். அவர் புருவத்திலும் இமையிலும் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் நிற்கவில்லை. நின்றால் துணி ஓடாது, துணி ஓடாவிட்டால் கூலி ஓடாது. இங்கே நெய்யும் கோராத் துணி சாயத்துக்கும் அச்சுக்கும் ராஜஸ்தானின் பாலி, பாலோத்ரா வரைக்கும் போகிறது. நெய்தவருக்கு மீட்டர் கணக்கில் கூலி. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். வெள்ளிக்கிழமை மட்டும் ஊரே தறியை நிறுத்துகிறது.

அந்த வெள்ளிக்கிழமைதான் இந்த ஊருக்கு சினிமா கொடுத்தது. வாரம் முழுக்க இரைச்சலில் நின்றவர்கள் அன்றைக்குக் கொட்டகைகளையும் வீடியோ பார்லர்களையும் நிறைத்தார்கள். அப்படி ஒரு பார்லரை நடத்தியவர் நாசிர் ஷேக். படம் போட்டுப் போட்டே படம் எடுக்கக் கற்றுக்கொண்டவர். இரண்டு வி.சி.ஆர்.களை வைத்துக்கொண்டு காட்சிகளை வெட்டி ஒட்டிப் படத்தொகுப்பைத் தாமே பழகினார். 2000-இல் ‘மாலேகான் கே ஷோலே’ எடுத்தார். செலவு ஐம்பதாயிரம் ரூபாய் அளவில். நடித்தவர்கள் எல்லாம் உள்ளூர் ஆட்கள். ஊர் கொண்டாடியது. அடுத்தடுத்துப் படங்கள் வந்தன. தள்ளுவண்டி இல்லாத இடத்தில் சைக்கிளில் உட்கார்ந்து காமிராவை நகர்த்தினார்கள். கிரேன் வேண்டும் என்றால் மாட்டு வண்டியின் நுகத்தடியில் ஆளை ஏற்றி மேலே தூக்கினார்கள். பெண் பாத்திரங்களுக்கு உள்ளூரில் யாரும் முன்வராததால் வெளியூரிலிருந்து நடிகைகளை வரவழைத்தார்கள்.

பிறகு நாசிருக்கு சூப்பர்மேனைப் பறக்கவிடும் ஆசை வந்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த உடம்பு ஷஃபீக்குடையது. அந்தப் படப்பிடிப்பைக் கூடவே இருந்து பதிவு செய்தவர் ஃபைஸா அகமது கான். அவருடைய ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகான்’ ஆவணப்படம் 2008-இல் உருவானது, ஓடும் நேரம் ஒரு மணிக்குச் சற்றே மேல். ஷஃபீக்கை எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில்தான். நான் எத்தனையோ நடிகர்களை வியந்திருக்கிறேன். இந்த மனிதரிடம் கொண்டதைப் போல வேறு யாரிடமும் மரியாதை கொண்டதில்லை.

அந்தப் படத்தில் அவரை நன்றாகப் பாருங்கள். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. நீலச் சட்டை, சிவப்பு அங்கி, கால்சட்டைக்கு மேலே போட்ட சிவப்பு டிராயர். டிராயரின் கயிறு முன்னால் தொங்கிக்கொண்டே இருக்கும். லாரியின் பக்கவாட்டில் பச்சைத் துணியைக் கட்டி, அதன் முன்னால் நீட்டிய கம்பத்தில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, அங்கி காற்றில் பறக்க வேண்டும் என்பதற்காக வண்டியை ஓட்டுகிறார்கள். கைகளை முன்னே நீட்டிக்கொண்டு, வயிற்றில் கம்பம் அழுந்த, அவர் பறக்கிறார். இறக்கிவிட்டதும் மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார்கள். மறுபடி ஏறிப் படுக்கிறார். முகத்தில் சலிப்பு இல்லை. வலிக்கிறது என்று சொல்லும்போதுகூட அடுத்த முறைக்குத் தயாராகிற குரல். சுற்றி நிற்கும் கூட்டம் சிரிக்கிறது. அவரும் சேர்ந்து சிரிக்கிறார். ஆனால் காமிரா ஓடத் தொடங்கியதும் அவருடைய கண்ணில் சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்த நொடியில் அவர் நம்மைக் காப்பாற்ற வந்தவர்தான்.

படப்பிடிப்புக்கு நடுவே அவருக்குக் கல்யாணமும் நடக்கிறது. கல்யாணம் முடித்துவிட்டு மறுபடியும் அதே உடையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்.

வந்து நிற்கிறார் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பணமில்லாமல் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். பெரிய படத்தில் நடிகரோடு ஒப்பந்தம் இருக்கிறது, முன்பணம் இருக்கிறது, தேதி தவறினால் நஷ்டக் கணக்கு இருக்கிறது. நண்பர்கள் கூடி எடுக்கும் படத்தில் நடிகரைக் கட்டிவைக்க எதுவும் கிடையாது. அவர் நாளைக்கு வரமாட்டேன் என்றால் யாரும் எதுவும் செய்ய முடியாது. காமிரா பழுதானால் வேறொன்று வாடகைக்கு எடுக்கலாம். விளக்கு இல்லையென்றால் வெயிலில் எடுக்கலாம். வசனம் சரியில்லையென்றால் ராத்திரி உட்கார்ந்து மாற்றி எழுதலாம். பாதிப் படத்தில் முகம் காட்டிவிட்ட ஒருவர் வராமல் போனால், அவர் வந்த காட்சிகள் அத்தனையும் குப்பைக்குப் போகும், கூட நடித்த மற்றவர்களின் நாட்களும் சேர்ந்து போகும். தறியில் ஊடை நூல் அறுந்தால் தாரை மாற்றிவிட்டு ஓட்டலாம், பாவு அறுந்தால் இழை இழையாகப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும், போட்டாலும் துணியில் தழும்பு தெரியும். சொந்தப் பணம் போட்டு எடுக்கும் படத்தில் முக்கிய நடிகர்தான் பாவு.

வந்தால் மட்டும் போதாது, போன வாரம் இருந்த அதே ஆளாக வர வேண்டும். மீசையை எடுத்துவிடக் கூடாது, முடியைக் குறைத்துவிடக் கூடாது, போன முறை போட்ட உடையைத் தொலைத்துவிடக் கூடாது. மாதக்கணக்கில் இழுக்கும் படப்பிடிப்பில் தன் முகத்தையே பிறருக்காகப் பத்திரப்படுத்தி வைக்கிற வேலை இது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவதை ஜனவரியில் எடுத்து, உள்ளே வந்து உட்காருவதை ஏப்ரலில் எடுப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் அவர் மெலியாமல், கறுக்காமல், கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

இது எவ்வளவு அரிது என்பதற்குப் பெரியவர்களின் படங்களே சாட்சி. சத்யஜித் ராய் விளம்பர நிறுவன வேலையை விடாமல் ‘பதேர் பாஞ்சாலி’யை 1952-இல் தொடங்கி, காசு தீரும்போதெல்லாம் நிறுத்தி, 1955-இல் முடித்தார். அவ்வளவு காலத்தில் அப்புவாக நடித்த சிறுவனின் குரல் உடையாததும், துர்காவாக நடித்தவள் திடீரென வளர்ந்துவிடாததும், பாட்டியாக நடித்த சுனிபாலா தேவி உயிரோடு இருந்ததும் அதிசயங்கள் என்று அவரே பின்னாளில் சொன்னார். சுனிபாலாவுக்கு அப்போது எண்பது வயதை ஒட்டி. முதுகு கூனிய அந்த அம்மா படத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, அது வெளியாவதற்கு முன்பே காலமானார். நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சன், செய்தித்தாள் அலுவலக வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களை வைத்து ‘பேட் டேஸ்ட்’ எடுத்தார். 1983-இல் தொடங்கிய அது 1987-இல்தான் வந்தது. நடுவில் ஒரு நண்பர் கல்யாணமாகி விலகிப்போனதால் கதையையே வேறு பக்கம் திருப்ப வேண்டியிருந்தது, பிறகு அவர் திரும்பி வந்தார். அந்த நண்பரைக் குறை சொல்ல மாட்டேன். குடும்பம் முதலில்தான். ஆனால் மணக்கோலத்தை மாற்றிவிட்டு சிவப்பு டிராயரை மாட்டிக்கொண்டு வந்த ஷஃபீக்கை நினைக்கும்போது, அது எத்தனை பெரிய கொடை என்பது புரிகிறது.

இதில் கூலியின் கணக்கும் சேர வேண்டும். ஆபீஸ் உத்தியோகஸ்தர் நாடகத்தில் நடிக்கப் போனால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார், மாதச் சம்பளம் வந்துவிடும். மீட்டருக்குக் கூலி வாங்குகிறவருக்கு லீவு என்று ஒன்று இல்லை. தறியை நிறுத்திய நேரம் காசு நின்ற நேரம். வெள்ளிக்கிழமைகளை மட்டும் நம்பி ஒரு சூப்பர்மேன் படத்தை முடிக்க முடியாது. இப்படிப்பட்ட படங்களில் நடிகருக்குச் சம்பளம் என்று சொல்லத்தக்க ஒன்றும் இருப்பதில்லை. அப்படிப் பார்த்தால் தறி ஓட்டும் நடிகர் ஒவ்வொருவரும் அந்தப் படத்தின் தயாரிப்பாளரும்தான். முதல் போட்டவர் பெயர் சுவரொட்டியில் வருகிறது, இழந்த கூலியைப் போட்டவர் பெயர் அந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், ஜும்மா தொழுகை முடிந்து தெரு நிறைந்திருந்தது. சந்துகளில் தறிச் சத்தம் இல்லாததால் மனிதக் குரல்கள் துல்லியமாகக் கேட்டன. டீக்கடை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். தறி ஓட்டி ஓய்ந்தவர். காது சற்று மந்தம், அதனால் உரக்கப் பேசினார், அது என் இந்திக்கு வசதியாக இருந்தது. எங்கிருந்து வருகிறாய் என்றார். தமிழ்நாடு, தறி இருக்கிற ஊர் என்றேன். முதல் கேள்வியே, “அங்கே மீட்டருக்கு என்ன கூலி தம்பி?” சொன்னேன். விரல்களை மடக்கி மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, “அங்கேயும் இப்படித்தானா” என்றார்.

உள்ளூர்ப் படங்களைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. “நானும் ஒண்ணுல இருக்கேன். கூட்டத்துல. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடணும், அவ்வளவுதான். காலையிலேயே போயிட்டேன், மத்தியானத்துக்கு அப்புறம்தான் கூப்பிட்டாங்க.”

“என்ன கொடுத்தாங்க பெரியவரே?”

“சாயா. ரெண்டு தடவை கொடுத்தாங்க.” அதைச் சொல்லும்போது அவர் குரலில் குறையே இல்லை. பிறகு அவரே யோசித்துச் சொன்னார்: “நான் ஒரு நாள் ஓடினேன், வீட்டுக்கு வந்துட்டேன். ஹீரோவா நிக்கிறவன் தினமும் வரணும். அது வேற.”

டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை. விருந்தாளி என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலை மோசம் ஆற்றுப் பாலத்தில் நெடுநேரம் நின்றேன். ஆற்றில் தண்ணீர் குறைவு, குப்பை அதிகம். பார்த்து ரசிக்க அங்கே ஒன்றுமில்லை. பக்கத்திலேயே மாலேகான் கோட்டை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் நாரோ சங்கர் கட்டியது, 1818-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்தவன் நான் இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். பாலத்தின் இரண்டு பக்கமும் பைக்குகளில் போன இளைஞர்களில் பாதிப் பேர் ஷஃபீக்கைப் போலவே ஒல்லியாக இருந்தார்கள். இந்த உடம்புகளில் ஒன்றை எடுத்து ஊரைக் காக்கும் வீரனாக நிறுத்தியதில்தான் நாசிரின் கலை இருக்கிறது. நிறுத்திய இடத்தில் நின்றதில் ஷஃபீக்கின் கலை இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. இயக்குநரைப் பற்றித்தான் கட்டுரைகள் வருகின்றன. நாசிர் எல்லாப் பாராட்டுக்கும் உரியவர், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் லாரியில் கட்டிய கம்பத்தில் படுத்தது அவர் அல்ல.

ஷஃபீக்குக்கு வாயில் புற்றுநோய் வந்தது. ஆவணப்படம் 2012 ஜூனில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது அவர் இல்லை. உலகத்தின் எந்தெந்த ஊர்களிலோ அந்தப் படம் திரையிடப்பட்டு, முன்பின் தெரியாதவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்து, சிரிப்பு அடங்கும்போது கண் கலங்கியிருக்கிறார்கள்.

ரீமா காக்தி இயக்கி, வருண் குரோவர் எழுதிய ‘சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்’ 2025 பிப்ரவரி 28-இல் வெளியானது. அதில் நாசிராக ஆதர்ஷ் கௌரவ், ஷஃபீக்காக ஷஷாங்க் அரோரா. திரைக்கதைக்காகச் சம்பவங்களின் வரிசையை மாற்றியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் நோய் முதலில் வருகிறது, அதன் பிறகுதான் நண்பர்கள் அவரை சூப்பர்மேன் ஆக்குகிறார்கள். எனக்கு அந்த மாற்றத்தில் ஒரு வருத்தம் உண்டு. நிஜத்தில் ஷஃபீக்கை யாரும் பரிதாபப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. நன்றாக இருந்த, கல்யாணம் கட்டிய, தறி ஓட்டிச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒருவர், கைநிறைய வேலை இருந்தும் படத்துக்கு வந்தார். சாகப்போகிறவர் நடிக்க வருவதைவிட, பிழைப்பு இருக்கிறவர் அதை ஓரம் வைத்துவிட்டு வருவது எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனாலும் ஷஷாங்க் அரோரா நன்றாகச் செய்திருக்கிறார். பெரிய நிறுவனம் எடுத்த படத்தில், தேர்ந்த நடிகர் ஒருவர் ஒரு தறித் தொழிலாளியின் நிற்கும் விதத்தையும் கூச்சத்தையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அது நியாயமான மரியாதை.

நம் ஊரிலும் இப்போது தெருவுக்கு ஒரு குறும்படம் எடுக்கிறார்கள். தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி கார்த்திக் சுப்புராஜையும் நலன் குமாரசாமியையும் வெளியே கொண்டுவந்த பிறகு இது வேகம் பிடித்தது. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன்கள் ஞாயிற்றுக்கிழமை காமிராவைத் தூக்கிக்கொண்டு நொய்யல் கரைக்குப் போகிறார்கள். அந்தக் குழு ஒவ்வொன்றிலும் ஒரு ஷஃபீக் இருப்பார். வசனத்தை முதல் நாளே மனப்பாடம் செய்துவிட்டு, ஆறு மணிக்கு என்றால் ஐந்தே முக்காலுக்கு வந்து, மற்றவர்கள் வரும்வரை பைக்கில் உட்கார்ந்திருப்பவர்.

அவரைப் படத்தில் வைத்திருக்கிற இயக்குநர் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். அவர் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் என்ன குறைகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், முடிந்ததைக் கொடுங்கள், முடியாவிட்டால் படப்பிடிப்பை அவருடைய விடுமுறைக்கு ஏற்ப மாற்றிவையுங்கள். சாப்பாட்டையும் பஸ் காசையும் அவர் கேட்கும்படி விடாதீர்கள். எழுத்து ஓடும்போது உங்கள் பெயருக்கு முன்னால் அவர் பெயர் வரட்டும். படம் முடிந்ததும் முதல் பிரதியை அவர் வீட்டுக்கு எடுத்துப் போய், அவருடைய அம்மா அப்பாவோடு உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள். போட்டிக்கு அனுப்புவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.